வரமாட்டாங்களாம்

முஸ்தஃபாவின் பட்டறை தாசேக் கெலுகோரில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டி இருக்கிறது. தோட்டத்து வண்டிகளைப் பார்த்துப் பழகியவர். காட்டுக்குப் போக ஃபோர்வீல் வண்டி வாங்குவதென்றால் அவரிடம் காட்டாமல் வாங்காதே என்று என் கணவர் கோகுலனிடம் அலுவலக நண்பர்கள் சொல்லியிருந்தார்கள். மூன்று சனிக்கிழமைகள் அலைந்தோம். முதல் வண்டி கடலோர வீட்டில் நின்றது. முஸ்தஃபா அடியில் படுத்துச் சுத்தியலால் தட்டியதும் துரு பொலபொலவென்று உதிர்ந்தது. இரண்டாவது பார்க்க அழகு, ஆனால் வயிறு தாழ்வு, கல் இடிக்கும் என்றார். மூன்றாவதாகப் பார்த்த சாம்பல் நிற வண்டியை எடுத்துக்கொண்டோம்.

அதற்குப் பிறகுதான் அசல் வேலை. சேற்றுக்கு ஏற்ற டயர். ஆற்றில் இறங்கினால் எஞ்சினுக்குள் தண்ணீர் போகாமல் இருக்க, முன்கண்ணாடி ஓரமாக மேலே ஏறும் காற்றுக்குழாய். படுப்பதற்கு மட்டும் இரண்டு வழி இருந்தது. கூரைமேல் கூடாரம் வைத்தால் பின் சீட்டு அப்படியே இருக்கும். இல்லையென்றால் பின் சீட்டைக் கழற்றிவிட்டுப் பலகை அடித்து, கீழே இழுப்பறைகள், மேலே மெத்தை.

“ரெண்டு பேர்னா பலகைதான்கா நல்லது. மழை வந்தாலும் கதவ மூடிட்டுப் படுத்துக்கலாம்,” என்றார் முஸ்தஃபா. “மூணாவது ஆள் இருந்தா சீட்ட கழட்டாதீங்க.”

கோகுலன் என்னைப் பார்த்தார். “அக்கா என்ன சொன்னாங்க?”

“வரமாட்டாங்களாம்,” என்றேன்.

அக்கா என்பது வள்ளியம்மா, அவருடைய மூத்த சகோதரி. எனக்கு அண்ணி. எங்களோடு ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி வீட்டில்தான் இருக்கிறார். நான் கல்யாணமாகி வந்த பதினாறு வருடங்களில், எங்கள் கார் எங்கே போனாலும் பின் சீட்டின் இடது பக்கம் அவருடையது. போகிற வழியெல்லாம் பெயர்ப்பலகைகளை வாய்விட்டுப் படித்துக்கொண்டே வருவார். டயர் கடை, பல் டாக்டர், டுரியான் விற்பனை, எதையும் விடமாட்டார். நானும் கோகுலனும் ஏதாவது பேசத் தொடங்கினால் நடுவில் ஒரு பல் டாக்டர் வந்துவிடுவார்.

ஒரே ஒரு தடவை, அந்தக் குரல் இல்லாமல் எங்காவது போய் வரவேண்டும் என்று எனக்கு இருந்தது. அந்த ஆசையை நான் இன்றும் தப்பென்று நினைக்கவில்லை. அதை ஆசையாகவே கோகுலனிடம் சொல்லியிருந்தால் ஒரு சின்னச் சண்டையோடு முடிந்திருக்கும்.

நான் அண்ணியைக் கேட்டது உண்மை. சாப்பாட்டு மேசையில், கறித்தட்டை நகர்த்திக்கொண்டே கேட்டேன். “எனக்கு எதுக்குலா, நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க,” என்றார். அண்ணியின் ‘எதுக்கு’ எனக்கு நன்றாகத் தெரியும். யார் வீட்டில் தேத்தண்ணி நீட்டினாலும் அவர் எதுக்கு என்பார். மறுபடி சொன்னால் வேண்டாம் என்பார். மூன்றாவது தடவை சொன்னால் வாங்கி இரண்டு கோப்பை குடிப்பார். பதினாறு வருடங்களாக அந்த மூன்று தடவையையும் நான் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். அன்று ஒரு தடவையோடு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

வரமாட்டாங்க என்று சொல்லியிருந்தால் அது என் கணிப்பாக இருந்திருக்கும். கடைசியில் ஒட்டிய அந்த ‘ஆம்’ என் விருப்பத்தைத் தூக்கி அவர் வாயில் வைத்துவிட்டது. சீட்டு கழன்று வந்தபோது அதன் இடது பக்கம் சற்றுப் பள்ளமாக இருந்ததுபோல் எனக்குப் பட்டது. அது வேறு யாரோ உட்கார்ந்து தேய்ந்த சீட்டு. அண்ணி அந்த வண்டியைக் கண்ணால்கூடப் பார்த்திருக்கவில்லை.

ஞாயிறு காலை வண்டிப் பூசைக்காகத் தண்ணீர்மலை அடிவாரத்துப் பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டுபோனோம். முஸ்தஃபாவிடமிருந்து நேராக வந்தோம். அண்ணி பஸ்ஸில் வந்து எங்களுக்கு முன்பே காத்திருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. வண்டியைச் சுற்றி வந்து காற்றுக்குழாயைத் தொட்டுப் பார்த்தார்.

“என்னடா இது, வண்டிக்குத் தும்பிக்கையெல்லாம் வச்சிருக்கே. புள்ளையாருக்குப் போட்டியா?”

கோகுலன் சிரித்தார். நானும் சிரித்தேன். அண்ணி பையிலிருந்து நான்கு எலுமிச்சம்பழங்களை எடுத்துக் குருக்களிடம் கொடுத்தார். பைக்குள் இன்னும் ஏதோ இருந்தது. கருப்பு ரப்பர் காலணி, காடு ஏறுகிறவர்கள் போடுவது. புதிதாக, ஜோடியாகக் கயிற்றில் கட்டியிருந்தது.

குருக்கள் டயர்களுக்கு அடியில் பழங்களை வைத்துக்கொண்டிருந்தார். வண்டி அவற்றின்மேல் ஏறும்போது குடும்பம் உள்ளே இருக்கவேண்டும். அண்ணி வழக்கம்போல் இடதுபுறம் போய்ப் பின்கதவைத் திறந்தார். பலகையும் இழுப்பறைகளும் கதவுவரை வந்து நின்றன. கையைக் கதவிலிருந்து எடுக்காமலே உள்ளே எட்டிப் பார்த்தார்.

“நீங்க வரலைன்னு சொன்னீங்களாமேக்கா,” என்றார் கோகுலன்.

அண்ணி என்னைப் பார்த்தார். என் முகத்தில் எதைக் கண்டாரோ, கதவை மெதுவாகச் சாத்தினார்.

“ஆமாலா. நான்தான் சொன்னேன்,” என்றார்.

பேசாமல் இருந்திருக்கலாம். அவரே மூடிவிட்ட கதவு அது. ஆனால் என் பொய்யை அவர் சொந்த வாயால், அதுவும் சன்னதிக்கு முன்னால் நின்று சொல்லும்படி செய்துவிட்டேன் என்பதை என்னால் தாங்கமுடியவில்லை.

“அண்ணி சொல்லலங்க. நான்தான் சொன்னேன்,” என்றேன்.

கோகுலன் என்னைப் பார்க்காமல் சாவியை எடுத்தார். பிறகு வண்டியில் ஏறினார். நான் அண்ணியை முன்சீட்டில் உட்காரவைத்து, பின்பக்கமாகப் பலகைமேல் ஏறிக் குனிந்து உட்கார்ந்தேன். பழங்கள் ஒவ்வொன்றாக நசுங்கின.

ஆயர் ஈத்தாம் வரும்வரை அண்ணி ஒரு பெயர்ப்பலகையும் படிக்கவில்லை. நான் கேட்கவேண்டாம் என்று நினைத்த குரல் இல்லாத பயணம் அப்படித்தான் எனக்குக் கிடைத்தது. பல் டாக்டர் கடந்து போனார். டயர் கடை கடந்து போனது.

வீட்டு வாசலிலேயே முஸ்தஃபாவைப் போனில் கூப்பிட்டேன். சீட்டு பத்திரமாக இருக்கிறது, ஒருநாள் வேலை, கூரைமேல் கூடாரம் வைத்துவிடலாம் என்றார். போனை வைத்துவிட்டு அண்ணியிடம் போனேன்.

“சனிக்கிழமை செடிம் ஆத்துக்குப் போறோம். நீங்களும் வாங்க அண்ணி.”

“எனக்கு எதுக்கு.”

“உங்க சீட்டத் திரும்ப மாட்டச் சொல்லிட்டேன். வாங்க.”

“வேணாம் சுபா.”

மூன்றாவது தடவை அவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். அண்ணி கையை விடுவித்துக்கொள்ளவில்லை. கோபமும் இல்லை.

“நான் வரலைலா,” என்றார்.

அந்த வார்த்தையில் நான் பிரித்துப் பார்க்க ஒன்றும் மிச்சமில்லை. அவர் பையிலிருந்து காலணி ஜோடியை எடுத்துக் கயிற்றை அவிழ்த்தார்.

“பாசார்ல வாங்குனேன். ஆத்துல கல்லு வழுக்கும். உனக்கும் ஆறாம் நம்பர்தானே?”

எனக்கும் ஆறாம் நம்பர்தான்.