மூக்கெலும்பில் குங்குமம்

கல்லூரி விலங்கியல் துறையில் ஆயுத பூஜை என்றால் நுண்ணோக்கிக்கு மட்டுமா பொட்டு? அலமாரி மண்டையோடுகளுக்கும் உண்டு. எழுபத்து நாலில் அந்தப் பொறுப்பு வேம்புவுக்கு வந்தது. நீள்மூக்கு முதலைகள் இரண்டுக்கும் தாராளமாகக் குழைத்துப் பூசிவிட்டாள். ஒன்று கங்கை முதலை. மற்றது சைகோனில் பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக இருந்த ஒருவர் வீட்டிலிருந்து வந்த மலாய் முதலை.

மறுநாள் துடைத்தால் போகவே இல்லை. கூட வேலை பார்த்த பலராமன் வாய்க்கு வந்தபடி திட்டினார். திட்டிக்கொண்டே குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். எலும்புகள் சேரும் இடுக்குகளில் குங்குமம் இறங்கிச் சிவப்புக் கோடாகத் தெரிந்தது. மலாய் முதலையின் மூக்கெலும்பு, மூக்கு நுனியிலுள்ள முனை எலும்பைத் தொட்டது. கங்கை முதலைக்கோ வெகு தூரம் முன்பே நின்றுவிட்டது.

"பாத்தீங்களா வேம்பு? ரெண்டும் சொந்தமே இல்ல. மீன் பிடிக்கத் தனித்தனியா மூக்கு நீண்டிருக்கு."

அதன்பின் எத்தனை மாலைகள் கடற்கரையில் இதையே பேசி நடந்தார்கள்! அந்த நாட்களை நினைத்தால் வேம்புவுக்கு இன்றும் நெஞ்சு கனக்கும். எண்பத்து மூன்றில், ரத்தப் புரதங்களைப் பார்த்தால் இரண்டும் நெருங்கிய சொந்தம் என்று வெளிநாட்டிலிருந்து செய்தி வந்தது. வேம்பு நம்பினாள். அவர் நம்பவில்லை. பேச்சு முற்றி, முகம் பார்ப்பதே நின்றது. பிறகு அவருக்குக் கண் பார்வை போய், வேலையை விட்டு முதலியார்பேட்டை வீட்டோடு இருந்துவிட்டார்.

எண்பத்தேழு ஆயுத பூஜைக்கு முன்தினம், கங்கை முதலை வம்சத்துப் பழைய புதைபடிவ மண்டையோடு ஒன்றின் பிளாஸ்டர் வார்ப்பு சிநேகிதி ஒருத்தியிடமிருந்து வந்தது. வேம்பு ஒரு பார்வை பார்த்துவிட்டு, அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு ரிக்‌ஷா ஏறினாள். வாசலிலேயே போகச் சொல்லிவிடுவாரோ என்று வழியெல்லாம் பயம்.

"யாரு?"

"வேம்பு. ஒரு மூக்கு கொண்டாந்திருக்கேன்."

அவர் கையை நீட்டினார். விரல்கள் இடுக்கைத் தேடி மெல்ல நகர்ந்து ஓரிடத்தில் நின்றன.

"மூக்கெலும்பு முனையத் தொடல," என்றார். "ஆனா கங்கை முதலை மாரி அவ்ளோ குட்டையாவும் இல்ல. நடுவுல நிக்குது."

"ஆமா."

"அப்போ கங்கை முதலையோட முன்னோருக்கும் மூக்கெலும்பு நீளமா இருந்திருக்கும். பின்னாலதான் குறுகியிருக்கு. கடைசியில வந்த வித்தியாசத்தப் பாத்து சொந்தமே இல்லன்னுட்டேன்." விரலை இடுக்கில் மறுபடி ஓட்டினார். "ஒரே ஒரு மண்டையோட்ட வச்சு முடிவு பண்ணக் கூடாது, வேம்பு."

"இன்னும் கிடைக்கும். கொண்டாறேன்."

"விரலுக்குச் சரியாப் புரியல. குங்குமம் இருக்கா?"

இருந்தது. மறுநாள் பூஜைக்கு வாங்கிய பொட்டலத்தைப் பிரித்தாள்.

"பூசிப் பாத்துச் சொல்லுங்க," என்றார். "இந்தத் தடவ நீங்க சொல்றத நா நம்புறேன்."