சத்தம் அடங்கிய பெட்டிகள்

என் வாடகைக் காரில் ஏறுகிறவர்கள் பூட்ஸை உதறிவிட்டுத்தான் ஏறவேண்டும். மூன்று வாரமாக முன்சீட்டுக் கம்பளம் காயவே இல்லை. வருகிறவன் போகிறவன் எல்லாம் பனியைச் சுமந்து வந்து என் வண்டிக்குள் கொட்டினால் எப்படிக் காயும்? அன்று காலை பிஷ்கெக் நகரச் சந்தையில் ஏற வந்த கனிஷாயையும் அப்படித்தான் பிடிபிடியென்று பிடித்தேன்.

“ஏம்மா, ஊர்ப் பனியெல்லாம் இங்கதான் கொட்டணுமா? உதறு, நல்லா உதறு!”

அவள் உதறிவிட்டு ஏறினாள். பின்சீட்டில் அவளுடைய இரண்டு அட்டைப்பெட்டிகள். பொரித்து ஒரு நாள்கூட ஆகாத நூறு கோழிக்குஞ்சுகள். கணவன் இறந்தபின் ஆடுகளை விற்றுவிட்டாள். இனி இந்தக் குஞ்சுகள்தான் அவளுக்குப் பிழைப்பு. அவற்றை மலைக்கு அப்பால் சூசாமிரில் இருக்கும் அவள் வீட்டுக்கு உயிரோடு கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும்.

“ஹீட்டரை மட்டும் அணைச்சிராதீங்க அசனாலி அண்ணே. குளிர் பட்டா ஒரு மணி நேரம் தாங்காது.”

“என் ஹீட்டர் ரொட்டி அடுப்பும்மா. நீ கவலைப்படாம உக்காரு.”

தோ-அஷூ கணவாய் ஏற்றத்தில், சுரங்கப்பாதைக்கு எட்டு கிலோமீட்டர் இருக்கும்போது எஞ்சின் சூட்டைக் காட்டும் வெப்பமுள் சிவப்பைத் தொட்டது. ஓரமாக நிறுத்தி பானெட்டைத் திறந்தேன். எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் டப்பா காலி. ரேடியேட்டர் காய்ந்திருந்தது. ஹோஸ்களைத் தடவினேன், தண்ணீர் பம்பைத் தடவினேன், பனியில் மல்லாந்து படுத்து அடியிலும் பார்த்தேன். ஒரு சொட்டு ஈரம் இல்லை. எண்ணெய்க்கம்பியை உருவினால் எண்ணெய் தண்ணீர் கலக்காமல் சுத்தமாக இருந்தது. முப்பது வயது வண்டிதான், ஆனாலும் தண்ணீர் மாயமாகப் போகுமா?

உள்ளே கனிஷாய் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைக்கத் துடைக்க பிசுபிசுவென்று படலம் படிந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு உறைத்தது. அவள் காலடிக் கம்பளத்தை அழுத்தினேன். வெதுவெதுப்பான ஈரம். விரலில் வழுவழுத்தது, இனிப்பாக வாடை அடித்தது. பனி அல்ல, கூலன்ட். ஹீட்டருக்குள் இருக்கும் சின்ன ரேடியேட்டர் மூன்று வாரமாக ஒழுகியிருக்கிறது. நான் ஊரார் பூட்ஸைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

வழி ஒன்றுதான். ஹீட்டருக்குப் போகிற இரண்டு ஹோஸ்களையும் கழற்றி, இரும்புக் குழாய்த் துண்டு ஒன்றால் ஒன்றோடொன்று இணைத்துவிட்டால் ஒழுகல் நிற்கும், எஞ்சின் பிழைக்கும்.

“அப்ப ஹீட்டர்?” என்றாள்.

“இருக்காது.”

அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. வெளியே மைனஸ் பதினொன்று. கீழே திரும்பிப் போகவும் எஞ்சின் வேண்டும்.

எஞ்சின் ஆறாமல் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும். அரை மணி நேரம் காத்திருந்தோம். அதற்குள் பெட்டிகளில் ஒரே கீச்சுக்கீச்சு.

“பாரு, எவ்ளோ தெம்பா கத்துதுங்க!” என்றேன், ஆறுதலாக.

“குளிர்ல கத்துதுங்க அண்ணே,” என்று அழுதாள்.

பிளாஸ்கில் இருந்த தேநீரை இரண்டு பாட்டில்களில் ஊற்றி, துணி சுற்றி, பெட்டிக்கு ஒன்றாக வைத்தாள். நான் என் ஆட்டுத்தோல் கோட்டைக் கழற்றி, மூச்சுவிட இடம் விட்டுப் பெட்டிகளின்மேல் போர்த்தினேன். விறைத்த விரல்களால் குழாயைச் செருகி, கிளிப்பை முறுக்கி, கேனில் இருந்த தண்ணீரை நிரப்பினேன். எஞ்சின் ஓடியது. முள் ஏறவில்லை.

சுரங்கத்தைத் தாண்டியபோது எனக்குப் பல் கிட்டியது. அப்போதுதான் கவனித்தேன், பின்னால் சத்தமே இல்லை.

“கனிஷாய், சத்தம் நின்னுருச்சு.”

“ம்.”

“தெறந்து பாரேன்!”

“தெறந்தா இருக்கிற சூடும் போயிரும். சூடு கெடச்சாலும் சத்தம் அடங்கும். இல்லேன்னாலும்...” அவள் முடிக்கவில்லை. “ஓட்டுங்க.”

அந்த இறக்கம் முழுக்க எனக்கு வெப்பமுள் மறந்தேபோனது. காது மட்டும் பின்சீட்டில் இருந்தது.

வீட்டில் அடுப்பருகே முதல் பெட்டியைத் திறந்தாள். பாட்டிலைச் சுற்றிக் குஞ்சுகள் மஞ்சள் குவியலாகக் கிடந்தன. விரலால் தொட்டாள். மொத்தக் குவியலும் விழித்துக் கத்தியது. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. இரண்டாவது பெட்டியில் மூலையில் கிடந்த பதினொன்று எழவில்லை.

“தூரம் வர்ற குஞ்சுல இது சகஜந்தான்,” என்று எனக்கு ஆறுதல் சொல்லி, தேநீர் ஊற்றினாள்.

“என் தப்பும்மா. மூணு வாரமா ஒழுகியிருக்கு. நான் பாக்கல.”

“தெரியும் அண்ணே. ஏறும்போதே இனிப்பு வாடை வந்துச்சு. எம் புருஷன் வண்டியும் இப்படித்தான் ஒழுகும். சொல்லத்தான் வாயெடுத்தேன். நீங்க பூட்ஸுக்கே அந்தக் கத்து கத்தினீங்க. எறக்கிவிட்டுட்டா வேற வண்டிக்கு எங்க போவேன்னு பயந்துட்டேன்.”

கோபமில்லாமல்தான் சொன்னாள். பதினொன்றையும் ஒரு துணியில் எடுத்து வைத்தாள். வெட்கத்தில் என்னால் அந்தத் தேநீரைக் குடிக்க முடியவில்லை.