கதவு ரப்பர்

மெஷினைச் சுவரிலிருந்து இழுத்ததும் நான் தேடியது ஓட்டையைத்தான். தேடினேன் என்று சொன்னால் போதாது. எங்காவது ஒரு ஓட்டை இருந்துவிட வேண்டுமே என்று வேண்டிக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். இருபத்திரண்டு வருஷமாக ஊரார் வீட்டு வாஷிங் மெஷின்களைப் பிரித்து மாட்டுகிறவன் நான். எந்த வீட்டிலும் இப்படி வேண்டிக்கொண்டதில்லை. அங்கெல்லாம் கோளாறு சின்னதாக இருந்தால் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம், அவ்வளவுதான். இங்கே கோளாறே இல்லையென்று ஆகிவிட்டால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பத்து நாளாக மெஷினுக்கு அடியில் தண்ணீர் தேங்கிக்கொண்டிருந்தது. என் மனைவி சொல்லிப் பார்த்தாள். நான் நாளைக்கு, நாளைக்கு என்று தட்டிக் கழித்தேன். ஊரான் வீட்டு மெஷினுக்கு விழுந்தடித்து ஓடுகிற மனுஷன் சொந்த வீட்டு மெஷினைக் கண்டால் காணாமல் போய்விடுகிறார் என்று மகளிடம் போனில் என் மானத்தை வாங்கினாள். நானும் சிரித்தேன். வியாழக்கிழமை வரைக்கும் எல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது.

அன்றைக்கு அவள் வேலை பார்க்கும் மருந்துக்கடை முதலாளி எனக்குப் போன் செய்தார். சின்ன வயசுக்காரர், அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். "அண்ணே, அக்கா நல்லா இருக்காங்கல்ல?" என்று ஆரம்பித்தார். முட்டிவலி என்று நாலு நாளாக அவள் கடைக்குப் போகவில்லை, அதைத்தான் விசாரிக்கிறார் என்று நினைத்தேன். "முட்டிவலின்னா பரவால்லண்ணே. போன வாரம் ஒரு பெரியம்மாவுக்கு ஒரே பிரஷர் மாத்திரைய ரெண்டு கவர்ல போட்டு, ரெண்டு மேலயும் காலைல ஒண்ணுன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. நல்லவேளை, அந்தம்மா பையன் பாத்துட்டான். அக்கா அப்படிப் பண்ற ஆளே இல்லையேன்னுதான்... நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

அவள் அப்படிப் பண்ணுகிற ஆளே இல்லை. பத்தொன்பது வருஷமாக அதே கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாள். அட்டையின் முதுகைப் பார்த்தே மருந்தின் பெயரைச் சொல்வாள். வீட்டில் உப்பு டப்பாவில் கூடத் தேதி எழுதி ஒட்டியிருப்பாள். கண்ணால் பார்க்காமல் எதையும் நம்ப மாட்டாள். நான் சாப்பிட்டுவிட்டேன் என்று சொன்னால் தட்டை எட்டிப் பார்க்கிற ரகம். ஐம்பத்து மூன்று வயசு. மறதி வர அது ஒரு வயசா?

சனிக்கிழமை காலையில் அவளே வந்து என் டூல் பையை எடுத்து என் முன்னால் வைத்தாள். "இன்னிக்குப் பாத்துடுங்க. மெஷின்லதான் கோளாறுன்னா நான் இன்னிக்கே கடைக்குப் போயிடுவேன்" என்றாள். முட்டிவலிக்கும் மெஷினுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. "இல்லைன்னா?" என்று மட்டும் கேட்டேன். அவள் தரையைப் பார்த்தாள். "அது எப்படி இல்லாம இருக்கும்? தண்ணி வருதுல்ல" என்றாள். அவளும் பயந்துபோய்த்தான் இருக்கிறாள் என்று அப்போதுதான் புரிந்தது.

ஒழுகல் பிடிப்பது கழித்துக்கொண்டே வருகிற வேலை. தண்ணீர் ஏறும்போது ஒழுகுகிறதா, துணி சுற்றும்போதா, அழுக்குத் தண்ணீர் வெளியேறும்போதா? முதலில் தண்ணீர் ஏறும் ஹோஸ். மூட்டில் டிஷ்யூ பேப்பரைச் சுற்றிக் குழாயைத் திறந்துவிட்டேன். பேப்பர் மொறுமொறுவென்று காய்ந்தே இருந்தது. அடுத்து வெளியேறும் ஹோஸ். வளைத்து, முறுக்கி, விரல் விரலாகத் தடவிப் பார்த்தேன். ஒரு கீறல் கிடையாது. பம்ப் ஃபில்டரைத் திருகி எடுத்தேன், ஒரு சட்டைப் பட்டன் வந்தது. வேறு வீடாக இருந்தால் அந்தப் பட்டனை வைத்தே ஒரு கதை விட்டிருப்பேன். கதவைச் சுற்றியிருக்கும் ரப்பரை மடிப்பு மடிப்பாகப் பிரித்து டார்ச் அடித்துப் பார்த்தேன். போன வருஷம் நான் மாட்டிய ரப்பர். புதுசு மாதிரி இருந்தது. நல்லபடியாக இருந்த ஒவ்வொரு பாகத்தையும் இரண்டாம் தரம் தடவிப் பார்த்தேன். காலி மெஷினை ஓட்டினேன், சொட்டு வரவில்லை. துணி போட்டு, சோப்பு இல்லாமல் ஓட்டினேன். தரை காய்ந்து கிடந்தது.

மிச்சம் ஒன்றுதான். அது என்னவென்று எனக்குத் தெரியும். எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறேன்! சோப்புத்தூள் கூடினால் நுரை தலைக்கு மேல் ஏறி, காற்று போவதற்காக வைத்த பின்பக்கக் குழாய் வழியாக இறங்கி, அடியில் தண்ணீராக நிற்கும். "ஒரு கரண்டிதாங்க போடுறோம், அதுக்கு மேல போடுறதே இல்ல" என்று எல்லாரும் ஒரே மாதிரி சத்தியம் செய்வார்கள். நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு, குறைத்துப் போடுங்கள் என்று சொல்லிவிட்டு வருவேன்.

பின்பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு, மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டேன். "நீ எப்பவும் போடுற மாதிரியே போடு. நான் இங்கேர்ந்து எங்க ஒழுகுதுன்னு பாக்கறேன்" என்றேன். அங்கிருந்து எனக்கு அவள் தெரியவில்லை. சத்தம் மட்டும் கேட்டது. துணி உள்ளே போகிற சத்தம். சோப்பு டப்பா மூடி திறந்தது. கரண்டி உரசியது. சோப்பு டிரே உள்ளே போய் டக்கென்று மூடியது. சரி, ஒன்று. "தலையணை உறையையும் போட்டுடறேன்" என்று போனாள், வந்தாள். மூடி திறந்தது. கரண்டி உரசியது. டக். இரண்டு. "நேத்து மக பேசினா. பேத்திக்கு இன்னொரு பல் விழுந்துடுச்சாம். கீழ் வரிசை, இடது பக்கம்" என்றாள். இடது பக்கமாம். அதெல்லாம் துல்லியமாக ஞாபகம் இருக்கிறது! போதும், பட்டனை அமுக்கு என்று மனசுக்குள் கத்தினேன். மூடி திறந்தது. போட்டாச்சேம்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கரண்டி உரசியது. டக்.

பத்து நிமிஷத்தில் குழாயின் நுனியில் நுரை எட்டிப் பார்த்தது. கொத்துக் கொத்தாகத் தரையில் விழுந்து, கரைந்து, மெஷினுக்கு அடியில் முன்பக்கமாக ஓடியது. "வருது! பாத்தீங்களா, வருது!" என்று முன்னாலிருந்து குரல் கொடுத்தாள். அந்தக் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "நான்தான் சொன்னேனே. எங்கேர்ந்துங்க வருது?"

"ரப்பர்" என்றேன். அந்தச் சொல் எப்படி வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"எங்க, காட்டுங்க."

மெஷினை நிறுத்தித் தண்ணீரை வடியவிட்டு, தரை துடைக்கிற துணி எடுத்துவர அவளை அனுப்பினேன். அவள் அந்தப் பக்கம் போனதும் பையிலிருந்து பிளேடுக் கத்தியை எடுத்து, கதவு ரப்பரின் அடி மடிப்பில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தேன். நல்ல ரப்பர், லேசில் அறுபடவில்லை. அழுத்தி இன்னொரு இழுப்பு. இத்தனை வருஷத்தில் யார் வீட்டிலும் நான் செய்யாத அயோக்கியத்தனம். பழசாகிக் கிழிகிற ரப்பர் பல்பல்லாகத்தான் கிழியும், அதையெல்லாம் அப்போது யார் யோசித்தார்கள்?

வந்து குனிந்தாள். நுரைக்கு நடுவில் ஆள்காட்டி விரலை அந்த வெட்டுக்குள் விட்டுப் பார்த்தாள். தட்டை எட்டிப் பார்க்கிறவள், அன்றைக்கு அதற்கு மேல் ஒன்றும் பார்க்கவில்லை. "அப்போ நான் இல்ல" என்றாள், மெதுவாக. பிறகு தரையில் உட்கார்ந்து சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வர வர. "ஒரு வாரமா என்னென்னவோ நினைச்சுட்டேங்க. பைத்தியம் மாதிரி." அவள் தலையில் கை வைத்தேன். எனக்கும் அழுகை வந்தது. அந்த நிமிஷம் நான் செய்தது சரி என்றே பட்டது.

அந்த நிமிஷம் முடிந்ததும் அவள் போனை எடுத்தாள். "தம்பி, முட்டி சரியாயிடுச்சுப்பா. இன்னிக்கு மத்தியானமே வந்துடறேன். ஆமா, நானேதான் கவுன்டர்ல நிப்பேன்." நான் பையிலிருந்து எடுத்த புது ரப்பர் வளையத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். வளையத்தை இழுத்துப் பிடிக்கிற ஸ்பிரிங் மூன்று தரம் என் கையிலிருந்து துள்ளி ஓடியது. உள்ளே அவள் கடைக்குப் போடும் வெள்ளைக் கோட்டை இஸ்திரி போடுகிற சத்தம். திங்கட்கிழமை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகலாம், ஏதாவது சாக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொன்னேன். திங்கட்கிழமைக்கு முன்னால் இன்றைக்கு ஒரு மத்தியானம் இருக்கிறது. யாரோ ஒரு பெரியம்மா இந்நேரம் மருந்துச் சீட்டைத் தேடி எடுத்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருப்பாள். எல்லாருக்கும் பார்த்துச் சொல்ல ஒரு பையன் இருப்பானா?

"வரேங்க" என்று வாசலில் குரல் கேட்டது. அறுத்த ரப்பரை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஒரு காலில் செருப்பை மாட்டியிருந்தாள். கோட்டு கையில் மடித்துக் கிடந்தது.

"இதைப் பாரு" என்றேன்.

"அதான் பாத்தேனே."

"இன்னொரு தடவை பாரு."

என் முகத்தைப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டாள். இப்போது அதில் நுரை இல்லை. பத்தொன்பது வருஷமாக மாத்திரை அட்டைகளைக் கத்தரித்த கை அது. கட்டைவிரலை வெட்டின் ஒரு முனையில் வைத்து மறுமுனை வரைக்கும் மெதுவாக ஓட்டினாள்.

"நேரா இருக்கே" என்றாள்.

"சோப்பு எத்தனை தடவை போட்டேன்?" என்று கேட்டாள்.

"மூணு."

தலையை ஆட்டினாள், யாரோ வழி சொன்னதைக் கேட்டுக்கொள்கிற மாதிரி. வாசல்படியில் உட்கார்ந்து கோட்டை மடியில் போட்டுக்கொண்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். அவள் வெட்டுப்பட்ட இரண்டு ஓரங்களையும் விரலால் சேர்த்து அழுத்தினாள். மூடிக்கொண்டது. விரலை எடுத்ததும் திறந்துகொண்டது. திரும்பவும் சேர்த்து அழுத்தினாள்.