புனித வினிஃபிரட், மாதிரி எண் 114

உலகத்திலுள்ள புனிதக் கிணறுகள் அத்தனையையும் ஒரே மத்தியானத்தில் இழுத்து மூடத் தன்னால் முடியும் என்றான் பெனோ. சோதித்துப் பார்க்கக் கிணற்றுக்கு நூறு மில்லி வீதம் தண்ணீர் கொடுத்தால் போதும். விளையாட்டாகச் சொல்லவில்லை. குவைத்தில் குடிதண்ணீர் போத்தலில் அடைக்கும் கம்பெனியில் அவன் லேப் டெக்னீஷியன்.

கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இருவர். ஏழு மாத வயிற்றோடு மனைவி லிஜி. அப்பாசியாவில் அவர்களோடு ஃப்ளாட்டைப் பங்கிட்டிருந்த நர்ஸ் அற்புதராணி. அற்புதராணியின் தங்கை வேல்ஸிலிருந்து, புனித வினிஃபிரட் கிணற்றுத் தண்ணீரை ஒரு சின்னப் போத்தலில் அனுப்பியிருந்தாள். லிஜிக்கு முதல் இரண்டு கருவும் தங்கவில்லை.

"ஆயிரத்து முன்னூறு வருசம் முன்ன நடந்தது. கன்னியாஸ்திரீயா போணும்னு நின்ன பிள்ள. கட்ட வந்தவன் கோவத்துல தலைய வெட்டிட்டான். தல உருண்ட இடத்துல ஊத்து. மாமா ஒரு துறவி, தலைய எடுத்து வச்சு ஜெபிச்சாரு. ஒட்டிட்டு" என்றாள் அற்புதராணி.

"கழுத்துல தழும்பு உண்டாக்கா?" என்றான் பெனோ.

"உண்டு. நூலு மாதிரி."

"அப்ப மாமா கைத்தையல் சுமார்தான்."

லிஜி சிரிக்கவில்லை.

மறுநாள் பெனோ அந்தத் தண்ணீரை யாருக்கும் தெரியாமல் லேபுக்குக் கொண்டுபோனான். காலியான அதே போத்தலில் கம்பெனித் தண்ணீரை நிரப்பித் திரும்ப வைத்துவிட்டான். லிஜி அதைத்தான் தினமும் மூன்று சிலுவை போட்டு வயிற்றில் பூசினாள். பிள்ளை நல்லபடி பிறந்த பிறகு, புனிதை வேலை செய்வது எங்கள் கம்பெனியில்தான் என்று அறிவிப்பது அவன் திட்டம். சோதித்தது போக மிச்சம், வழக்கப்படி லேப் ஃப்ரிட்ஜில் 114 என்று எண் போட்டு நின்றது.

மூன்று வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை லிஜி சொன்னாள்: "இஞ்ச பாருங்க, காலத்தேயிருந்து பிள்ளைக்கு அனக்கம் இல்ல, ஒரு உதை கூட இல்ல."

ஆஸ்பத்திரியில் வயிற்றைச் சுற்றிப் பெல்ட் கட்டினார்கள். துடிப்பு இருந்தது, இடையிடையே இறங்கியது. நாலு மணிவரை பார்ப்போம், இதே நிலை என்றால் ஆபரேஷன், எட்டு மாதம் நிறையாத பிள்ளைக்கு உத்தரவாதம் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அப்போது மணி இரண்டு.

"மூணு வாரமா ஒரு நாளு விடல்ல. இன்னைக்குத்தான் பூசல்ல. அந்தப் போத்தல எடுத்துட்டு வாங்க" என்றாள் லிஜி.

பெனோ கார் சாவியைத் தேடினான். அந்த வார்டில் டியூட்டியிலிருந்த அற்புதராணி, "போ தம்பி" என்றாள்.

அப்பாசியாவுக்கு வலது பக்கம் திரும்ப வேண்டும். அவன் நேரே ஃபேக்டரிக்கு ஓட்டினான்.

லேபில் கிளீனர் லுக்மான் தொட்டியில் வரிசையாகப் போத்தல்களைக் கவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"என்னண்ணே, லீவு நாள்ல? நீங்கதானே பழசையெல்லாம் கொட்டச் சொன்னீங்க."

"எதுவரைக்கும் கொட்டுன?"

"நூத்திப் பன்னெண்டு."

லுக்மான் கையிலிருந்தது 113. பெனோ குறுக்கே கை நீட்டி அடுத்ததை எடுத்தான்.

"அதுல என்ன இருக்கு?"

"தண்ணி."

"தண்ணிக்கா இந்த மூச்சு?"

பெனோ அதற்குள் படியிறங்கியிருந்தான்.

அவன் வார்டுக்குத் திரும்பியபோது மணி மூன்றே முக்கால். லிஜி கண்ணை மூடிக் கிடந்தாள். இயந்திரம் காகிதத்தில் கோடு இழுத்துக்கொண்டிருந்தது. அற்புதராணி போத்தலை வாங்கினாள். அதில் ஒட்டியிருந்த அவன் கையெழுத்தைப் படித்தாள்: மாதிரி 114. சாதாரணக் கிணற்றுத் தண்ணீர். சிறப்பு எதுவும் இல்லை.

அவனை ஒரு முறை பார்த்தாள்.

"கையக் கழுவிட்டு வா" என்று திரையை இழுத்துவிட்டாள்.

பெனோ கட்டிலருகே முழங்காலிட்டு, விரலை நனைத்து, பெல்ட்டுக்குக் கீழே ஒரு சிலுவை போட்டான். இரண்டு. மூன்றாவதில் விரல் பெல்ட்டில் இடித்துக் கோடு வளைந்துவிட்டது. அது கணக்கில் சேருமா சேராதா என்று தெரியாமல், நான்காவதாக ஒன்றும் போட்டான்.