பத்து மதிப்பெண்ணும் என் வாயும்

இருபத்திரண்டு வருடமாக ஒரு பள்ளிக்கூடத்தின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருக்கிறேன். பிப்பெட் கழுவுவது, அமிலம் கலந்து வைப்பது, பிள்ளைகளைத் திட்டுவது, மூன்றும் என் வேலை. மூன்றாவதற்குச் சம்பளம் கிடையாது, ஆனாலும் அதில் நான் குறை வைத்ததில்லை.

இப்படிப்பட்ட எனக்குப் போய் ஒரு வாயில்லாப் பூச்சி மகளாகப் பிறந்தாள். அதே பள்ளியில்தான் கடைசி வகுப்பு படிக்கிறாள். வீட்டில் நாலு வார்த்தை பேசுவாள். வெளியாள் யாராவது கேள்வி கேட்டுவிட்டால் என் முதுகுக்குப் பின்னால் போய்விடுவாள். எங்கே வலிக்கிறது என்று டாக்டர் அவளைக் கேட்டால் பதில் நான்தான் சொல்வேன்.

மாதிரிச் செய்முறைத் தேர்வில் அவள் பியூரெட்டிலிருந்து கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு எடுத்த அளவு வகுப்பிலேயே துல்லியமானது. அதன் பிறகு வாய்மொழிக் கேள்விகள், பத்து மதிப்பெண். ஐந்து நிமிடம் தரையையே பார்த்து நின்று பூஜ்ஜியம் வாங்கிக்கொண்டு வந்தாள். வாய்மொழியில் பூஜ்ஜியம் என்றால் மொத்தச் செய்முறையும் தோல்வி என்பது விதி; உண்மையான தேர்விலும் வாய் திறக்காவிட்டால் மேற்படிப்பு ஒரு வருடம் தள்ளிப்போகும்.

அந்த நேரம் பார்த்து நாடக வாத்தியார் வந்தார். சின்ன வயசுக்காரர். மந்திரவாதி வேஷத்துக்கு வேண்டும் என்று என் கூம்புக் குடுவைகளைக் கேட்டு உயிரை வாங்குபவர்.

"அக்கா, உங்க பொண்ணு என் வகுப்புல நல்லா பேசுறா."

"ஆள் மாத்திச் சொல்றீங்க தம்பி."

"இல்லக்கா. தெரிஞ்சவங்க யாரையாவது நடிச்சுக் காட்டச் சொன்னேன். பத்து நிமிஷம் நிறுத்தவே இல்ல. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க."

"யாரை நடிச்சா?"

அவர் ஒரு குடுவையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உங்களைத்தான்."

எனக்குச் சுருக்கென்றது.

"கோவிச்சுக்காதீங்க. பரீட்சையிலயும் அப்படியே பேசிடுன்னு சொல்லியிருக்கேன்."

"பரீட்சை என்ன உங்க மேடையா? குடுவையை வச்சுட்டுப் போங்க தம்பி."

அன்று மாலை வீட்டில் பாத்திரங்களை டங்கு டங்கென்று வைத்துக் கழுவினேன். நான் என்ன அவ்வளவு பெரிய கேலிப்பொருளா என்று மனசு கிடந்து குமைந்தது.

தேர்வு நாளன்று ஆய்வகத்தின் மூலையில் கழுவு தொட்டியருகே நின்றேன். உதவியாளர் தேர்வு நேரத்தில் மூச்சு விடக்கூடாது, அதுதான் விதி. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் என் மகளின் மேசைக்கு வந்தார்.

"ஏம்மா, பியூரெட்டைத் தண்ணியில கழுவினா போதாதா?"

அவள் தரையைப் பார்த்தாள். எனக்கு நாக்கு நுனியில் பதில் துடித்தது. அப்போது அவள் சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டிவிட்டு, ஒரு கையை இடுப்பில் வைத்தாள். அது நான் நிற்கிற நிலை.

"போதும்னு விட்டா வெளங்கிடும் சார். உள்ள ஒட்டியிருக்கிற தண்ணி கரைசலை நீர்க்க வச்சிடும், அதான் அந்தக் கரைசலாலயே ஒருதரம் அலசணும். அப்புறம் அளவு தப்பாயிடுச்சுன்னு என்கிட்ட வந்து மூக்கை உறிஞ்சக் கூடாது."

தேர்வாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப குடுவையையும் கரைசல்லயே கழுவலாமே?"

"படிச்சவங்க கேக்குற கேள்வியா இது? குடுவையில ஒட்டுற கரைசலும் அளவோட சேர்ந்துடும். அதுக்குத் தண்ணிதான்."

அவர் சிரித்துவிட்டார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அதோடு கண்ணும் கலங்கியது. நான் கத்தித் தீர்த்த ஒவ்வொரு வார்த்தையையும் இந்தப் பெண் கேட்டிருக்கிறாள், ஒன்றைக்கூடக் கீழே போடவில்லை.

"சரி, கடைசிக் கேள்வி. அமிலத்துல காரம் விட்டு இளஞ்சிவப்பா மாறின குடுவையை அப்படியே மேசையில வச்சா, கொஞ்ச நேரத்துல அந்த நிறம் போயிடுதே. ஏன்?"

அது எனக்கே தெரியாது. நிறம் போன குடுவைகளை ஆயிரக்கணக்கில் கழுவியிருக்கிறேன், ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை. நான் சொல்லாததை அவள் எப்படிச் சொல்வாள்?

அவள் கை இடுப்பிலிருந்து இறங்கியது. போச்சு என்று நினைத்தேன்.

"தெரியல சார்." சின்னக் குரல், அவளுடைய சொந்தக் குரல். "கொஞ்சம் யோசிச்சுச் சொல்லட்டுமா?"

"யோசிச்சுச் சொல்லும்மா."

அவள் குடுவையையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு நிமிடம் போயிற்று. இன்னொரு நிமிடமும் போயிற்று. அந்த மனிதர் அவசரப்படுத்தவே இல்லை. அவள் பதிலுக்காக இவ்வளவு நேரம் நான் ஒருநாளும் பேசாமல் காத்திருந்ததில்லை.

"மூடி இல்லாம திறந்திருக்கு. காத்துல இருந்து ஏதோ உள்ள கலக்குது போல," என்றாள் மெதுவாக. "நாம விடுற மூச்சா சார்?"

தொட்டியருகே நின்ற நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவள் அடுத்து என்ன சொல்வாள் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.