சென்னியம்மாளோட ரோட்டுப் பங்கு

எழுபத்தெட்டாவது வருசம் தை மாசம் மேட்டுக்காட்டூர் சின்னண்ணனுக்கு ரெண்டு கவலை. ஒண்ணு மேல, ஒண்ணு கீழ. மேல இருந்தது மேகம். பொங்க முடிஞ்சப்புறம் கொல்லிமலைப் பக்கம் கருகருன்னு மேகம் கட்டி யாராச்சும் பாத்திருக்கறீங்களா? அந்த வருசம் கட்டுச்சு. கீழ இருந்தது கொள்ளு. காட்டுல புடுங்கிக் கொண்டாந்து போர் போட்டு வெச்ச கொள்ளு அப்படியே கெடக்குது, மிதிச்சு அடிக்க மாடு இல்ல. ஒரு மாடு கார்த்திகையில செத்துப்போச்சு. ஒத்தை மாட்டை வெச்சு என்ன பண்றதுன்னு இன்னொண்ணைச் சந்தையில குடுத்தாச்சு. மழை வந்து அந்தப் போர் நனைஞ்சுதுன்னா வருசத்துப் பாடு அத்தனையும் முளைவிட்டுப் போயிரும்.

மாடு இல்லாதவிய என்ன பண்ணுவாங்கன்னா, கொள்ளுக்கொடியத் தார்ரோட்டுல பரப்பி உட்டுருவாங்க. போற வார வண்டி மேல ஏறி ஏறி, காய் வெடிச்சு கொள்ளு தனியா உழுந்துரும். பொழுதோட கூட்டி அள்ளித் தூத்துனா வேலை முடிஞ்சுது. ஆனா மேட்டுக்காட்டூர் வழியா காலைல ஒரு பஸ்ஸு, சாயங்காலம் ஒரு பஸ்ஸு, அவ்வளவுதான். மத்தபடி ஓடறது வெள்ளியங்கிரியோட லாரி ஒண்ணுதான். பாலம் கட்டற எடத்துக்கு ஜல்லி அடிச்சிட்டு இருந்தாப்டி. லோடோட போவும், காலியா வரும், நாளெல்லாம் அதே ரோட்டுல. அந்த லாரிதான் ஊருக்கே பொதுமாடு.

வெள்ளியங்கிரி சின்னண்ணனுக்குச் சித்தப்பன் மகன். பொடுசுலருந்தே வீம்பு. சோறு வேணுமாடான்னா வேண்டாம்பான். உனக்குச் சோறு இல்லைன்னு சொன்னா சோத்து வட்டலை எடுத்துட்டு வந்து உக்காந்துக்குவான். சின்னண்ணன் பொண்டாட்டி சென்னியம்மா கலியாணமாகி வந்தப்ப அவனுக்கு மூக்கு ஒழுகற வயசு. பாதிநாள் அவகிட்டத்தான் சோறு திம்பான். இப்பவும் நங்கைன்னுதான் கூப்புடுவான், அண்ணன் பொண்டாட்டிய அந்தப் பக்கத்துல அப்படித்தான் கூப்புடறது.

இந்த வெள்ளியங்கிரிக்கும் சின்னண்ணனுக்கும் ஒரு செவ்வாக்கெழம முட்டிக்கிச்சு. சின்னண்ணன் சைக்கிள்ல தேங்கா மூட்டையக் கட்டிட்டு பொன்னன் டீக்கடைகிட்ட வந்துட்டிருக்கறாரு. பின்னால லாரி ஆரன் அடிக்குது. ஓரத்துல பூரா வேலாமுள்ளு, இவரு எறங்கல. டிரைவர் காத்தான் பிரேக்கைப் போட்டான். பக்கத்துல உக்காந்திருந்த வெள்ளியங்கிரியோட நெத்தி கண்ணாடியில போயி டங்குன்னு மோதி எலந்தப்பழமாட்டப் புடைச்சுக்கிச்சு.

எறங்கி வந்தாப்டி. "ஏன்ணா, காதை ஊட்டுலயே வெச்சுட்டு வந்துட்டியா?"

"கேட்டுதப்பா. முள்ளு கெடக்குது, டியூபு போயிரும்."

"போனா போவுது. இந்த ரோட்டுக்கு வரி கட்டறது யாரு? நானு. நீ என்ன கட்டறே? காத்தடிக்கறதோட உன்ற செலவு முடிஞ்சுது. எங்களாட்ட சைக்கிள்காரனும் வரி கட்டோணும். கட்டாதவன் மண்ணுல போவோணும்."

டீ ஆத்திட்டே பொன்னன் கேட்டான், "மாட்டுவண்டிக்குங்க?"

"கட்டோணும்."

"ஆட்டுக்குங்க?"

"அதுக்குந்தான்."

"நடந்து போறவியளுக்கு?"

"செருப்புக்குப் போடோணும் வரி."

"நல்லதாப் போச்சு, நான் வெறுங்காலுங்க," அப்படின்னான் பொன்னன். கடையே சிரிச்சுது. வெள்ளியங்கிரிக்கு நெத்தி வலி பத்தாம சிரிப்பு வேற. காத்தானைத் திரும்பிப் பாத்தாப்டி. "இனிமேலு இவிய கொள்ளு மேல நம்ம லாரி ஏறப்படாது. ஓசில கொள்ளு அடிக்கறதுக்கா நான் வரி கட்டறேன்?"

மக்யா நாளு காலைல ஊரே ரோட்டுல கொள்ளைப் பரப்புச்சு. சென்னியம்மாளும் பரப்புனா. லாரி வந்துது. பாப்பாயி கொள்ளு மேல ஏறுச்சு, அம்மாசி கொள்ளு மேல ஏறுச்சு, சென்னியம்மா கொள்ளுகிட்ட வந்தோடன மெதுவா மண்ணுக்கு எறங்கி, முள்ளு மேல போயி, அக்கட்டால மறுபடி ரோட்டுல ஏறிக்கிச்சு. காத்தான் தலைய வெளிய நீட்டி, "நான் என்னங்கம்மா பண்றது, மொதலாளி சொல்லுது," அப்படின்னுட்டுப் போயிட்டான். சாயங்காலம் பாத்தா பஸ்ஸு ஏறுன ரெண்டு தடத்துல மட்டும் நாலு கொள்ளு. மத்ததெல்லாம் புடுங்கிப்போட்ட மேனிக்கே கெடக்குது. ரெண்டு பேரும் வாரிச் சுருட்டிப் போர் போட்டாங்க.

சின்னண்ணன் மேகத்தைப் பாத்தாரு. "நானு போயி அவங்கிட்டத் தணிஞ்சு கேட்டர்றேன் புள்ள."

சென்னியம்மா கைகாலைக் கழுவிட்டு வந்து உக்காந்து, "ஏனுங்க, சைக்கிளுக்கு வரி கட்டீர்லாமுங்களா?" அப்படிங்கறா.

"எதுக்கு?"

"வரி கட்டறவியளுக்குத்தான் ரோடுன்னு உங்க தம்பி சொன்னாப்டி இல்ல?"

இவ இப்படிப் பொறுமையாப் பேசுனா என்னமோ இருக்குதுன்னு அர்த்தம். ஆனா என்னன்னு கேட்டுச் சொன்னதா சரித்திரமே இல்ல.

அடுத்த நாளு பஞ்சாயத்தாபீசுக்குப் போனாங்க. அங்க கிளார்க்கு வீரபாகு ஆத்தூர்ப்பக்கத்து ஆளு. இவிய சைக்கிளை உருட்டிட்டு உள்ளயே வந்ததைப் பாத்து அந்தாளு மூக்குக்கண்ணாடியக் கழட்டித் தொடைச்சுப் போட்டுக்கிட்டாரு.

"சைக்கிள் வரியா? எதுக்கும்மா?"

"சட்டத்துல இல்லீங்களா?"

"சட்டத்துல இருக்குது. சட்டத்துல என்னென்னமோ இருக்குது. நான் வந்ததுலருந்து ஒருத்தரும் கட்டல, நானும் யாரையும் கேக்கல. சண்டை சச்சரவு இல்லாம இருக்குதில்ல?"

"நாங்க கட்டறமுங்க. வரி கட்டுனதுக்கு வில்லை குடுங்க."

"வேண்டாம்மா. நீங்க கட்டுனா ஊர்ல மத்தவங்களும் கட்டணும்பாங்க, என்னைய அடிக்க வருவாங்க."

"வெளிய நிக்குதே, அது உங்க சைக்கிளுங்களா? வில்லையக் காணமே."

வீரபாகு எந்திரிச்சுட்டாரு. பீரோவைத் தொறந்தாரு, ஒடைஞ்ச நாற்காலிய நகத்துனாரு, ஓட்டுப்பொட்டிக்கு அடியில கைய உட்டாரு. கடைசீல துருப்புடிச்ச தகர வில்லை ஒண்ணு கெடைச்சுது. அதுல எந்த வருசம்னே தெரியல, காசை வாங்கிட்டு அதையே குடுத்துட்டாரு. சென்னியம்மா ஊட்டுக்கு வந்து புளியும் சாம்பலும் போட்டு ஒரு தேய்ப்புத் தேய்ச்சா. தங்கமாட்ட மின்னுச்சு. கம்பியில கோத்து முன்னால மட்கார்டுல கட்டுனாங்க.

"சரி, கட்டியாச்சு. இனி என்ன?" சின்னண்ணன் கேட்டாரு.

"கெணத்துக் கவுறை எடுத்துட்டு வாங்க. அப்படியே ஒரு சட்டி சுண்ணாம்பும். ஆமா, லாரி எப்பங்க காலியாத் திரும்புது?"

"பத்து மணிக்கு மேல ஆவும். எதுக்கு?"

"சும்மாதான் கேட்டேன்."

மக்யா நாளு காலைல, லாரி லோடோட போனப்புறம், டீக்கடைக்கு எதுத்தாப்ல, ஊரே பாக்க, ரெண்டு பேரும் ரோட்டை அளந்தாங்க. சென்னியம்மா ஒரு முனையப் புடிச்சா, சின்னண்ணன் ஒரு முனை. அவருக்குத் தலைய நிமித்தவே முடியல.

"ஏ புள்ள, மானம் போவுது."

"போனா போவட்டும், அந்த முனைய இழுத்துப் புடிங்க. காட்டுக்கு வரி கட்டுனா பங்கை அளந்து கல்லு நடறமில்ல? ரோட்டுக்கும் கட்டியாச்சு. அளக்க யாரும் வரல, நாமளே அளந்துக்கறம்."

ரோட்டுல சரிபாதி. நடுவால சுண்ணாம்புல கோடு. நாலு மூலைக்கும் நாலு கல்லு. அந்தப் பக்கத்துப் பாதிய லாரிக்குன்னு சுத்தமாக் கூட்டி உட்டா, ஒரு குச்சிகூட இல்ல. ஓரத்து முள்ளையும் வெட்டித் தள்ளிட்டா, தாராளமாப் போவலாம். இந்தப் பாதியில போர் மொத்தத்தையும் பிரிச்சுக் கணுக்கால் ஒசரத்துக்குப் பரப்புனா. தலைமாட்டுல சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி வில்லைக்கு ஒரு செவந்திப்பூ வெச்சா.

பொன்னன் கடையில அன்னைக்கு டீ குடிக்க வராதவிய ஆருமில்ல.

லாரி காலியாத் திரும்பி வந்து நின்னுது. வெள்ளியங்கிரி எறங்குனாப்டி. கோட்டைப் பாத்தாப்டி, கல்லைப் பாத்தாப்டி, பூவைப் பாத்தாப்டி.

"என்னங்க நங்கை இது?"

"எங்க பங்குங்க கொழுந்தனாரே. வரி கட்டிட்டோம், வில்லைய நல்லாப் பாத்துக்கங்க. அந்தப் பாதி உங்குளுது, கூட்டி வெச்சிருக்கறேன். நீங்க அதுல போங்க."

"ரோட்டுல பங்கா? எவன் சொன்னது?"

"நீங்கதான் சொன்னீங்க, இதே கடையில. பொன்னா, சொன்னாப்டியா இல்லியா?"

"ஆட்டுக்கும் சேத்துத்தானுங்க சொன்னாப்டி," அப்படின்னான் பொன்னன்.

"நானு கட்டற வரி எங்க, நீங்க கட்டுன வரி எங்க? ரெண்டும் ஒண்ணா?"

"உங்குளுக்குச் சக்கரம் சாஸ்தி, அதனால சாஸ்தி. எங்குளுக்கு ரெண்டு சக்கரம். கட்டுனது கட்டுனதுதான? எங்க பங்குல உங்க சக்கரம் ஒண்ணு பட்டாலும் நான் ஒத்துக்க மாட்டேன். சொல்லிப்போட்டேன்."

காத்தான் ஞாயமாத்தான் சொன்னான், "மொதலாளி, அந்தப் பக்கம் எடம் இருக்குதுங்க, போயிர்லாமுங்க."

"எறங்குடா கீழ," அப்படின்னாப்டி வெள்ளியங்கிரி. "ரோட்டுல கோடு போட்டு என்னைய ஏறாதேங்கறதா? எந்தச் சக்கரத்தை எவன் தடுக்கறான்னு பாக்கறேன்."

தானே ஸ்டேரிங்கைப் புடிச்சு நேரா கொள்ளு மேல உட்டாப்டி. படபடன்னு காய் வெடிக்கற சத்தம் டீக்கடைக்குக் கேட்டுது. அந்த முனை வரைக்கும் போயி, ரிவர்ஸ்ல வந்து, மறுபடி முன்னால போயி.

"வேண்டாமுங்க கொழுந்தனாரே, வாயில்லாக் கொள்ளுங்க அது," அப்படின்னு சென்னியம்மா ஓரத்துல நின்னு கத்தறா. லாரி முன்னால போனா இவ பின்னால போயி, கவக்குச்சியில கொடியப் பொரட்டிப் பொரட்டிப் போடறா, என்னமோ பொறுக்கிக் காப்பாத்தறவளாட்ட. அடியில இருந்ததெல்லாம் மேல வருது. லாரி திரும்பி அது மேல வருது.

சின்னண்ணனுக்குப் பங்காளிச் சண்டை முத்தி கோர்ட்டு கச்சேரின்னு போயிருமோன்னு ஒரே பயம். அப்பத்தான் கவனிச்சாரு. சென்னியம்மா சீலைத்தலப்பை வாயில வெச்சுட்டு நிக்கறா. அழுவறான்னு நெனச்சுப் பக்கத்துல போனாரு. தோளு குலுங்குது, கண்ணுல தண்ணி ஊத்துது, ஆனா அழுவல.

"லோடு லாரின்னா பருப்பா ஒடைச்சுப்போடுமுங்க," அவரு காதுல சொன்னா. "காலி லாரிதான் பதம்."

சின்னண்ணனுக்கு எல்லாம் வெளிச்சமாயிருச்சு. தொண்டையச் செருமி, பொறந்ததுலருந்து பேசாத சத்தத்துல பேசுனாரு.

"தம்பி, எங்க வேணா ஏத்து. அந்தச் சனிமூலையில மட்டும் ஏத்திராதப்பா. நல்ல கொள்ளு பூராவும் அங்கதான் போட்டிருக்குது."

லாரி சனிமூலைக்குத் திரும்புச்சு. அங்கயே நின்னு முன்னயும் பின்னயும் ஆடுச்சு.

இவிய ரெண்டு பேரும் மாத்தி மாத்தி வேண்டாம்னு சொல்லச் சொல்ல, வெள்ளியங்கிரி ஒரு மூலை பாக்கி உடாம ஓட்டி முடிச்சாப்டி. அந்த நேரம் பாத்து அவன் பொண்டாட்டி ராசம்மா வேர்த்து விறுவிறுத்து ஓடியாந்தா.

"ஏனுங்க, நம்ம கொள்ளுப்போரு களத்துல தொறந்து கெடக்குது, மேகம் தலைக்கு மேல வந்திருச்சு. நீங்க இங்க யாரு கொள்ளை அடிச்சிட்டு இருக்கறீங்க?"

டீக்கடையில ஒருத்தரும் சிரிக்கல. கிளாசுக்குள்ள மூஞ்சிய வெச்சுக்கிட்டாங்க. வெள்ளியங்கிரி இஞ்சினை நிறுத்திட்டு எறங்கி, காலுக்கடியில பாத்தாப்டி. கொடி ஒரு பக்கம் கூளமாக் கெடக்குது, தாரு மேல செவசெவன்னு கொள்ளு. காத்து வேற எடுத்திருச்சு, மழைக்கு முன்னால அடிக்கற காத்து. சென்னியம்மா மொறத்தைத் தூக்கித் தூத்தவே ஆரம்பிச்சுட்டா. பாப்பாயி சீவக்கட்டையோட வந்துட்டா. சின்னண்ணன் சாக்கைப் புடிச்சுட்டு நிக்கறாரு.

"நங்கை," அப்படின்னாப்டி. நெத்திப் புடைப்பைத் தடவுனாப்டி.

"போங்க சாமி, லாரித் தார்ப்பாயக் கொண்டுபோயி உங்க போரை மூடுங்க. மழை நின்னு வெயில் அடிச்சப்புறம் ரோட்டுல பரப்பலாம். எங்க பங்குல வேணும்னாலும் பரப்பிக்கங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

கடைசி மூட்டைய ஊட்டுக்குள்ள போடறதுக்கும் மழை சடசடன்னு எறங்கறதுக்கும் சரியா இருந்துச்சு. சுண்ணாம்புக்கோடு கரைஞ்சு ஓடிருச்சு. அன்னைக்குச் சாயங்காலம் சென்னியம்மா ஒரு மொறம் நெறையக் கொள்ளை ராசம்மாகிட்டக் கொண்டுபோயிக் குடுத்துட்டு, "மிதிச்ச மாட்டுக்குக் கூலி," அப்படின்னுட்டு வந்துட்டா. வெள்ளியங்கிரி அதைத் தொடமாட்டேன்னுதான் சொன்னாப்டி. உங்குளுக்கு இல்லைன்னு ராசம்மா சொன்னப்புறம் வட்டலோட வந்து உக்காந்து ரெண்டாந்தரமும் கொள்ளுக்கடைசல் போட்டுக்கிட்டதாக் கேள்வி.

அடுத்த வருசம் தையில வீரபாகு சின்னண்ணன் ஊட்டு வாசல்ல வந்து நின்னாரு. பஞ்சாயத்துலயே சைக்கிள் வரி கட்டுனது இவிய மட்டுந்தான், மேலதிகாரி கணக்குக் கேக்கறாராமா.

"இந்த வருசத்து வரியக் கட்டிர்றீங்களாம்மா?"

"இந்த வருசம் வேண்டாமுங்க," அப்படின்னா சென்னியம்மா. "மாடு வாங்கிட்டமுங்க."

வீரபாகு களத்துல கட்டியிருந்த மாட்டைப் பாத்தாரு, செவுத்துல சாத்தியிருந்த சைக்கிளைப் பாத்தாரு. ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்னு சின்னண்ணனைப் பாத்தாரு. சின்னண்ணன் தோளுத்துண்டை எடுத்து வாயில வெச்சுக்கிட்டாரு.