எலி கையில் கொழுக்கட்டை

பதினோராயிரத்து அறுநூற்று ஐம்பது ரூபாய். மகள் மீனாவை நர்சிங்கில் சேர்க்க முதலாளி கொளஞ்சியப்பனிடம் வாங்கிய கடனில் நின்ற பாக்கி. சர்ச்சுக்குப் போகும் தேக்குப் பலகையில் பிராணிகளை நான் செதுக்கி முடித்தால், அந்தக் கூலியில் கழிந்துவிடும் என்பது பேச்சு.

கள்ளக்குறிச்சியில் எங்கள் மரச்சிற்பப் பட்டறையில் ஆள் உருவமெல்லாம் முதலாளிக்கு. வாகனம், பிராணி எல்லாம் மலையிலிருந்து இறங்கி வரும் என்னைப் போன்ற கூலியாளுக்கு. சர்ச் ஃபாதர் பார்த்துச் செதுக்கக் கொடுத்தது, ஐநூறு வருஷத்துக்கு முன் ஐரோப்பாவில் செம்புத் தகட்டில் கீறி அச்செடுத்த படத்தின் நகல். நடுவில் ஆதாம், ஏவாள், பழம். காலடியில் மாடு, முயல், பூனை. பூனைக்கு எதிரே எலி.

பலகையைப் பார்க்க வந்த ஃபாதர் எலிக்கு நேரே குனிந்தார்.

"செல்லன், இது கையில இன்னாங்க?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். கொழுக்கட்டை. இருபத்தாறு வருஷமாகப் பிள்ளையார் காலடியிலேயே எலி செதுக்கிய கை, என்னைக் கேட்காமலே கொடுத்துவிட்டிருந்தது.

"ஏன்யா, உன் எலிக்கு எங்க போனாலும் பசியா?" என்றார் முதலாளி.

ஃபாதருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். "இந்தப் பூன ஏன் பாயாம குந்திக்கினு இருக்குது தெரியுங்களா? பழத்த இன்னும் யாரும் கடிக்கல. பாவமும் வரல, பகையும் வரல. உங்க எலி ஆதாமுக்கு முன்னாடியே தின்னுக்கினு இருக்குதே! இத வாங்க முடியாதுங்க."

"வேற பலக போடணும். அந்தக் காசும் உன் கணக்குலதான்," என்றார் முதலாளி.

"வாணாங்க. கொழுக்கட்டைய நானே எடுத்துடுறேன்."

"ரெண்டு கைக்கும் நடுவுல இருக்குதுய்யா. எலி கை பேந்துடும்."

"பேந்தா என் கணக்குல எழுதிக்குங்க."

உளியை அடிக்கும் கொட்டாப்புளியைத் தொடவில்லை. சிற்றுளியை உள்ளங்கையாலேயே தள்ளி, நகத்துணுக்கு அளவாகச் சீவினேன். மணிக்கட்டு விண்ணென்று தெறித்தது. மலைக்குப் போகும் சாயங்கால பஸ் போனது. போகட்டும் என்று விட்டேன். கடைசியில் தீக்குச்சியில் உப்புத்தாளைச் சுற்றித் தேய்த்தேன். இரண்டு கையும் நின்றன, வெறுமையாக.

மறுநாள் ஃபாதர் பூனையைப் பார்த்தார், எலியைப் பார்த்தார். "இப்ப சரிங்க. யாரும் எதையும் தின்னல."

முதலாளி கணக்கு நோட்டை எடுத்து என் பெயர் மேல் கோடு கிழித்தார்.

"கோடு போதாதுங்க," என்றேன். ஐம்பது வயதில் மாலை வகுப்பில் கற்ற எழுத்து. பேனாவை வாங்கி, உளி பிடிப்பது போல அழுத்தி, கீழே நானே எழுதினேன்:

செல்லன். பாக்கி இல்லை.